பொனற் விளக்கில் இருக்கும் பாதரசம்

தம்பி: எல்லோருக்கும் வணக்கம். 1995ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி ஒன்றைப் பாகங்களுக்காக வாங்கிக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலுள்ள கடையில் கழற்றிக்கொண்டிருக்கிறோம். மிஞ்சும் வெறும் பொடியை, அதாவது வண்டியின் இரும்புக் கூட்டை, பழைய இரும்புக்காரர் வியாழக்கிழமை ஏற்றுவார். சீற்றோ கண்ணாடியோ வேண்டுமானால் அதற்கு முன் சொல்லுங்கள்.

அக்கா: எனக்கு ஒன்றும் வேண்டாம் தம்பி, ஆனால் பொடியைக் கொடுப்பதற்கு முன் பொனற்றின் உட்பக்கத்தைப் பார். அங்கே சிறிய விளக்கு இருந்தால், அதன் சுவிச்சுக்குள் ஏறக்குறைய 1 கிராம் பாதரசம் இருக்கக்கூடும். பொனற்றைத் தூக்கும்போது அந்தத் துளி உருண்டு இரு மின்முனைகளையும் இணைப்பதால் விளக்கு எரிகிறது, மூடினால் விலகிவிடுகிறது. ஐரோப்பியக் கம்பனிகள் 1990களின் நடுப்பகுதியிலேயே இதைக் கைவிட்டன. அமெரிக்கக் கம்பனிகள் 2002 வரை பொருத்தி வந்தன.

பெரிய மாமா: ஒரு கிராமுக்கா இவ்வளவு கவலை, பிள்ளை? காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உடைந்தால் அந்த உருண்டைகளை நாங்கள் கையில் வைத்து விளையாடியிருக்கிறோம்.

அக்கா: அப்போதும் அதன் ஆவி மூச்சோடு உள்ளே போயிருக்கும், மாமா. பாதரசம் 357 பாகை செல்சியசில் கொதிக்கும்; உருக்கை உருக்கவோ ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். ஆகவே நசுக்கிய பொடியோடு சுவிச்சும் உலைக்குள் போனால், அந்தப் பாதரசம் ஆவியாகிப் புகையோடு வெளியேறி, மழையோடு நீர்நிலைகளில் இறங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களால் மெதைல் பாதரசம் என்ற கொடிய நச்சாக மாறி, சிறிய மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, கடைசியில் நாம் வாங்கும் சுறாவிலும் தளப்பத்திலும் சேர்கிறது. கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும். நசுக்கிய பிறகு அதை ஒருவராலும் பிரித்தெடுக்க முடியாது என்பதால், இதைத் தடுக்கக்கூடியவர் வண்டியைக் கழற்றுபவர் மட்டுமே.

தம்பி: பார்த்துவிட்டேன் அக்கா, இருக்கிறது. பல்பின் பின்னால் ஈய நிறத்தில் பொத்தான் அளவு குமிழ் ஒன்று உள்ளது. சரித்தால் உள்ளே ஏதோ கனமாக ஓடுவது விரலுக்குத் தெரிகிறது. தட்டி எடுத்துவிடட்டுமா?

அக்கா: தட்டவே கூடாது. பற்றறி இணைப்பு இல்லையென்று உறுதிசெய்து, வயரை வெட்டி, விளக்கை முழுதாகக் கழற்று. குமிழைத் திறக்காமல், இறுக்கமான மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு, வெளியே "பாதரசம்" என்று எழுதிவை. நான்கு சில்லுக்கும் இழுவை உள்ள வண்டி என்பதால் பின்சீற்றின் அடியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் தடுக்கும் அமைப்பு) உணரியையும் தேடு. சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதரசச் சுவிச்சுகள் இருக்கும்.

சின்னம்மா: தவறி உடைந்துவிட்டால் பையன்கள் என்ன செய்ய வேண்டும்?

அக்கா: கதவு யன்னல்களைத் திறந்து, மற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும், சின்னம்மா. தும்புத்தடியால் கூட்டினால் துளிகள் சிதறும், வாக்குவம் பிடித்தால் ஆவி கடையெங்கும் பரவும். கையுறை போட்டு, இரண்டு தடித்த அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்த்து அள்ள வேண்டும். மோதிரத்தை முன்பே கழற்றிவிட வேண்டும், ஏனெனில் பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும்.

தம்பி: எங்களிடம் வருவது பெரும்பாலும் ஜப்பான் வண்டிகள்தான். அவற்றிலும் பார்க்க வேண்டுமா?

அக்கா: அவற்றில் செனன் முன்விளக்குக் குமிழையும் பழைய நேவிகேசன் திரையையும் உடைக்காமல் எடு; அவற்றிலும் சிறிதளவு பாதரசம் இருக்கலாம்.

பெரிய மாமா: சேர்த்த போத்தலை யார் பொறுப்பேற்பார்கள்?

அக்கா: அமெரிக்காவில் 2006இல் வாகனக் கம்பனிகளும் உருக்காலைகளும் சூழல் முகவரகமும் சேர்ந்து நாடளாவிய திட்டம் தொடங்கி, கழற்றுமிடங்களுக்குச் சேகரிப்பு வாளிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் 2017இல் இணைந்தது. பத்தரமுல்லையிலுள்ள மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம், அபாயகரமான கழிவை ஏற்க உரிமம் பெற்றவர் யாரென்று நாளை கேட்கிறேன். அதுவரை போத்தலை வீட்டுக்குக் கொண்டுவராமல் கடையிலேயே பூட்டி வை.

தம்பி: சரி அக்கா. பின்சீற்றை இன்று பின்னேரமே கழற்றுகிறேன். இதையெல்லாம் பையன்களுக்காகச் சிங்களத்திலும் எழுதித் தாருங்கள், பக்கத்துக் கடைக்கும் கொடுக்கிறேன்.

அக்கா: இரவு எழுதி அனுப்புகிறேன். சுவிச்சை நன்றாகப் படமெடுத்து அனுப்பு, அதையும் சேர்த்துவிடுகிறேன்.