செல்லூர் கடைத்தெரு: மனுவுல முதல்ல எத கேக்குறது?

செல்லூர்காரன்:
மதுரையில 2024 அக்டோபர் 25 பேஞ்ச மழை எல்லாருக்கும் தெரியும், மூணு மணிக்கு மேல 15 நிமிசத்துல 4.5 செ.மீ. கொட்டுச்சு, செல்லூர் கண்மாய் பெருகி, அதுல இருந்து வர்ற பந்தல்குடி வாய்க்கா தாங்காம தண்ணி தெருவுக்குள்ள வந்துருச்சு. எங்க மளிகைக் கடையில முட்டிக்கு மேல நின்னுச்சு, கீழ இருந்த பாசிப்பயறு மூடை பூராம் மொளச்சுப் போச்சு, பக்கத்து வீட்டு தறிக்குழி இன்னும் காயல. இப்ப கடைக்காரங்க சேந்து மனு எழுதுறோம். பாதிப்பேரு பேவர் பிளாக், அலங்கார லைட்டு கேக்கச் சொல்றாங்க, மீதிப்பேரு நிவாரணம் போதும்கிறாங்க. எத முதல்ல போடலாம்ணே?

வைகைக்கரை:
பேவர் பிளாக்க ஓரமா வைங்க தம்பி. 93ல வந்தது வைகை ஆத்து வெள்ளம், இது கண்மாய்த் தண்ணி, அது ஆத்துக்குப் போக வழியில்லைன்னா உங்க தெருதான் வாய்க்கா. கண்மாய்ல இருந்து வைகைக்கு சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி அறிவிச்சிருக்காங்க, வேலை எப்ப தொடங்குதுன்னு தேதி கேளுங்க. அடுத்தது ரோடு. பழைய ரோட்ட சுரண்டாம மேலயே தார் ஊத்தி ஊத்தி, எங்க தாத்தா மூணு படி ஏறிப்போன கடைக்கு இப்ப நாங்க ரெண்டு படி எறங்கிப் போறோம். மில்லிங் பண்ணாம, அதாவது பழைய தார சுரண்டி எடுக்காம, ரோடு போடக்கூடாதுன்னு கொட்டை எழுத்துல எழுதுங்க.

கணக்குப்புள்ள:
அதெல்லாம் நடக்க வருசமாகும்ணே. தீபாவளி யாவாரம் போச்சு, பொங்கலுக்காவது கடை ஓடணும்ல, ஒரு தடவ வேற பக்கம் போய்ப் பழகுன ஆளு திரும்பி வரமாட்டான். தம்பி, நனைஞ்ச சரக்க தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா? நம்மகிட்ட தீ விபத்து பாலிசிதான இருக்குன்னு விட்றாதீங்க, அதுலயே வெள்ளமும் சேந்து இருக்கும் பெரும்பாலும், எடுத்துப் படிங்க. பில் புக், ஸ்டாக் நோட்ட மொட்டமாடியில விரிச்சுக் காய வைங்க, இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தா அதத்தான் கேப்பாரு. தள்ளுவண்டிக்காரங்களுக்கு பாலிசி ஏது? தெருவோர யாவாரிகளுக்கு மத்திய அரசோட ஸ்வநிதி கடன் இருக்கு, அவங்களையும் மனுவுல சேத்துக்கங்க.

வாயாடி மதுர:
எல்லாம் சரி, வாய்க்கா மேலயே ஷெட்டு போட்டு வச்சிருக்கத பத்தி ஒருத்தரும் வாயே தொறக்கல பாத்தீங்களா 😀

செல்லூர்காரன்:
போட்டோ நாலஞ்சுதான் இருக்கு, மூடைய அன்னைக்கே அள்ளிப் போட்டுட்டோம். மில்லிங்க முதல் வரியாப் போட்டாச்சு. ஷெட்டு விசயம்... எங்க கடை பின்னாடி உள்ளதே பாதி வாய்க்கா மேலதான் நிக்குது, அப்பாகிட்ட யாரு பேசுறதுன்னு தெரியல.