மாமிட குசினிக்குள்ள சண்டை வராம சாப்பாட்டை மாத்திறது எப்படி?

களுவாஞ்சி மருமகன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு களுவாஞ்சிக்குடியில கலியாணம் முடிச்சு, எங்கட பக்கத்து வழமைப்படி மனிசிட வீட்டில இருக்கிறன். வீடு சீதன வீடு, குசினி மாமிட குசினி. இதை முதலே சொல்லி வைக்கிறன். ஏனெண்டா "அரிசியை மாத்துங்க, பாணை நிப்பாட்டுங்க" எண்டு இங்க எழுதிறது லேசு, அதை மாமிக்கிட்டப் போய்ச் சொல்லப் போறவன் நான்.

மாமாவுக்கு சீனி வருத்தம், கிளினிக் மாத்திரை போடுறார். இப்ப மனிசிக்கும் இரத்தம் சோதிச்சா விளிம்பில நிக்குது எண்டாங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளைகள் ரெண்டு.

வீட்டுச் சாப்பாடு இப்படித்தான்: காலையில பாணும் பருப்பும், இல்லாட்டி கடை இடியப்பம், வெள்ளை வெளேரெண்டு கோதுமை மாவில. பகலைக்கு வெள்ளைச் சம்பா, மீன் ஆணம், ஒரு பொரியல். மீனில நான் குறை சொல்ல மாட்டன், மாமி வைக்கிற சூடை மீன் ஆணத்தை விட்டுட்டு எங்கயும் போற எண்ணம் எனக்கில்ல. இலைக்கறி எப்பவாவது ஒருநாள், அதுவும் மாமாட பீங்கானில மட்டும், மருந்து வைக்கிற மாதிரி. பின்னேரம் பாணும் பணிஸும் விக்கிற சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், பிள்ளைகள் கேட்டடிக்கு ஓடும். சீனிப் பணிஸ், கிம்புலா பணிஸ், அதோட இனிக்க இனிக்கப் பால் தேத்தண்ணி. ராவைக்கு ரொட்டி, நூடில்ஸ், களைச்ச நாளில கொத்து.

எனக்குத் தீட்டாத அரிசி, குரக்கன், பயறு, கௌப்பி, இலைவகை எண்டு மெல்ல மெல்ல மாறணும். மாமியோ, "சிறிமா காலத்துல பாணுக்கு வரிசையில நிண்டு, கிடைக்காம மரவள்ளியும் குரக்கனும் திண்ட ஆக்கள் நாங்க. இப்ப கையில காசிருக்க ஏன் மருமகன் அதைத் திரும்பத் திங்கணும்?" எண்டு, எழுபதுகளில சிறிமாவோ பிரதமரா இருந்த தட்டுப்பாட்டுக் காலத்தைச் சொல்லிக் கேக்கிறா. மருமகனுக்குச் சிவப்பரிசிச் சோறு போட்டா ஊர் என்ன கதைக்கும் எண்ட கவலையும் இருக்கு. அவட பக்கமும் ஞாயம்தான். ஒரேயடியா மாத்தினா வீடு ரெண்டுபடும். எதில தொடங்கலாம்?

நிந்தவூர் ராத்தா:

தம்பி, மாமிக்கு நோயைப் பத்தி விளக்கம் குடுக்காதீங்க. "இந்த அரிசிக்கு உங்கட மீனாணம் எப்படி இருக்கும் மாமி?" எண்டு கேட்டுப் பாருங்க. எங்கட உம்மாவும் உங்கட மாமி மாதிரித்தான். அவவைக் கேட்டு ஆக்கின நாளில இருந்து குறை சொல்லவே இல்ல.

அரிசியைக் கலந்து தொடங்குங்க. நாலு சுண்டில (அரிசி அளக்கிற பேணி) ஒரு சுண்டு தீட்டாத சிவப்பரிசி, மிச்சம் உங்கட சம்பா. ஆனா ரெண்டையும் ஒண்டாப் பானையில போட்டா சம்பா குழைஞ்சு போகும், சிவப்பு வேகாம பல்லில நிக்கும். முதல் நாள் ராவே சிவப்பரிசியை மட்டும் ஊறப் போடுங்க. அடுத்தநாள் அது அரைவேக்காடு வந்த பிறகு சம்பாவைப் போடுங்க. வீட்டுக்குப் பழகப் பழக சிவப்பைக் கூட்டலாம்.

வயல்காரர் ஆரும் தெரிஞ்சா நெல்லா வாங்கி ஆலையில குடுத்து, "உமியை மட்டும் எடுங்க, தீட்ட வேணாம்" எண்டு சொல்லுங்க. பக்கத்திலயே நில்லுங்க, இல்லாட்டிப் பழக்கத்தில தீட்டித் தந்துடுவாங்க. மறுகா, மூட்டையா வாங்கி வைக்காதீங்க. தவிட்டில எண்ணெய் இருக்கு, நாள் போனா காறல் மணம் வரும். வண்டும் சீக்கிரம் பிடிக்கும்.

குரக்கன் பிட்டும் அப்படித்தான். குரக்கன் மாவைத் தனியக் குழைச்சா ஒட்டும். வறுத்த சிவப்பரிசி மா பாதி சேருங்க, தேங்காய்ப்பூ தாராளமாப் போடுங்க. முதல் தரம் கோழி ஆணத்தோட குடுங்க, பருப்போட குடுத்தா மாமிக்கு சிறிமா காலம்தான் ஞாபகம் வரும். எங்கட வீட்டில நோன்பு திறக்கிற கஞ்சியையும் சிவப்பரிசியில காய்ச்சத் தொடங்கினம். அதை மட்டும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல்ல.

படுவான்கரை வெள்ளாமைக்காரன்:

இலைக்கறியைக் கடையில தேடாதீங்க தம்பி. உங்கட வளவிலயே முருங்கை நிக்கும். மாரி மழை பெய்ஞ்சா வேலியெல்லாம் இலைதான், வல்லாரை, பொன்னாங்காணி, முடக்கொத்தான் எண்டு. 2014இல வாவிக்கு மேல மண்முனைப் பாலம் திறந்த பிறகு எங்கட பக்கத்து மரக்கறி காலையிலேயே உங்கட கரைக்கு வருது. முந்தி பாதையில (வாவியைக் கடக்கிற மிதவை) ஏத்தி, காத்து அடிச்சாக் காத்துக் கிடந்து, வாடினதைத்தான் விக்கிறது. இப்ப கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வாற ஆக்களிட்ட நேரடியாக் கேளுங்க, கௌப்பி, பயறு, சோளமும் கிடைக்கும்.

எருமைத் தயிரையும் யோசிங்க. மட்டக்களப்பில இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு டப்பா யோகட் வாங்கிக் குடுக்கிறதை என்னால பார்க்க ஏலாது. ஆனா தயிருக்கு மேல சீனியைக் கொட்டினா வந்த பலன் போயிடும். வாழைப்பழத்தைப் பிசைஞ்சு குடுங்க.

அக்கரைப்பற்று ரீச்சர்:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. விடிய அஞ்சு மணிக்கு எழும்பிப் பிட்டு அவிக்கப் போறது ஆர்? மருமகனா, மாமியா? மாமிதான் எண்டா அவவுக்கு வேலையைக் கூட்டிட்டு "ஆரோக்கியம்" எண்டு சொல்லாதீங்க. காலைப் பாணை இப்ப தொட வேணாம். பின்னேரத்தில கை வைங்க, அதில ஒரு வேலையும் இல்ல. ராவு ஊறப் போட்ட பயறோ கௌப்பியோ பின்னேரம் அவிச்சு, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு, ஓட்டோ வாற நேரத்துக்கு முன்னமே சுடச்சுடக் குடுங்க. வயிறு நிரம்பின பிள்ளை கேட்டடிக்கு ஓடாது. ஓடினாலும் ஒரு பணிஸோட வந்திடும்.

கிளினிக் பக்கத்து ஆள்:

ரீச்சர் சொன்னதை நானும் ஒத்துக்கொள்றன். அதோட மாமா விசயத்தில கவனம். சீனி மாத்திரை போடுற ஒருவர் சோத்தைத் திடீரெண்டு குறைச்சா, சீனி கீழ இறங்கி மயக்கம் வரலாம். சாப்பாட்டை மாத்தப் போறதை அடுத்த கிளினிக்கில சொல்லுங்க, மாத்திரையை நீங்களாக் குறைக்காதீங்க. அவருக்கு சிறுநீரக வருத்தம் இருந்தா இலைவகை, பயறு எவ்வளவு எண்டும் கேக்கணும்.

சிவப்பரிசியும் அரிசிதான். நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் கூட, அதுக்காகக் கோப்பை நிறையப் போட ஏலாது. கோப்பையில பாதி மரக்கறியும் இலையும், கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது பயறு எண்டு வைங்க. இலைச் சுண்டலுக்கு இறக்கின பிறகு தேசிக்காய் பிழிஞ்சா அதில உள்ள இரும்புச்சத்து நல்லா உடம்பில சேரும். சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிச்சா அது குறையும்.

உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. கருவாடு, சூப் கட்டி, நூடில்ஸோட வாற தூள் எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளதான். சோடாப் போத்தலில 2016இல இருந்து நிற வட்டம் போடுறாங்க. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா சிவப்பு. பிள்ளைகளிட்ட அந்த வட்டத்தைத் தேடச் சொல்லுங்க, நாம சொல்றதை விட அது வேலை செய்யும்.

களுவாஞ்சி மருமகன்:

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், பயறு ஊறப் போடுறதும் அவிக்கிறதும் நான்தான், எழுதித் தாறன்.

பின்னேரத்தில தொடங்குவம். மாமாவோட அடுத்த கிளினிக்குக்கு நானும் போறன். அரிசிக் கலவையை ஞாயிற்றுக்கிழமை, சூடை மீன் நல்லாப் பட்டா, மாமிக்கிட்டக் கேட்டுப் பார்க்கிறன். ராத்தா, சிவப்பரிசிக்குத் தண்ணி எவ்வளவு விடணும்? வடிக்கிற பழக்கம்தான் எங்கட வீட்டில.

நிந்தவூர் ராத்தா:

வடிக்கிறதெண்டா கணக்கில்லாம விடலாம். ஆனா வடிச்ச கஞ்சியோட சத்தும் போகும். வத்த வைக்கிறதெண்டா ஊறின சிவப்பரிசி ஒரு சுண்டுக்கு ரெண்டரைச் சுண்டு தண்ணி, சம்பாவுக்கு நீங்க வழமையா விடுறது. கொதி வந்த பிறகு அடுப்பைக் குறைச்சு மூடி வைங்க, இடையில திறந்து கிண்டாதீங்க. வடிக்கத்தான் வேணும் எண்டு மாமி நிண்டா வடிக்க விடுங்க. அந்தக் கஞ்சியில உப்புக் கொஞ்சம், தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டுப் பிள்ளைகளுக்குக் குடுங்க தம்பி.