ஃபெரி மாமாவோடு உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

பினாங்கு ஃபெரியில் வேலை செய்த நம் ஃபெரி மாமா தவறிவிட்ட செய்தி இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வருகிற ஞாயிறு கருமக்கிரியை. நீங்கள் எழுதுவதை அச்செடுத்து வீட்டாரிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நல்லவர், வல்லவர் என்று பொதுவாக வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே பிரசவம், பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. ஐம்பது வயது தாண்டியும் கையில் சிவப்பு அடையாள அட்டைதான். இந்த நாட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகாதவர், ஆனால் குடியுரிமை இல்லை. உதவி கேட்டுப் போன இடத்திலெல்லாம் "இந்தப் பாரத்தை நிரப்பிக் கொண்டு வாங்க" என்று கையில் கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எனக்கு அப்போது பதினான்கு வயது.

மாமா மட்டும்தான் "திங்கட்கிழமை நானும் வரேன்" என்றார். சொன்னபடி பினாங்குத் தீவிலிருந்து காலையிலேயே கடல் தாண்டி இந்தப் பக்கம், பட்டர்வொர்த்துக்கு, வந்துவிட்டார். அப்போதெல்லாம் பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் கட்டணம், திரும்ப இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு 1 வெள்ளி 20 காசு. எங்கள் மூவருக்கும் சில்லறையை எண்ணிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார்.

குடியுரிமைக்கு மலாய் பேசிக் காட்ட வேண்டும். அம்மாவுக்குச் சந்தையில் பேசுகிற பசார் மலாய் வரும், ஆனால் அதிகாரியைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் மாமா ஃபெரியிலேயே பாடம் நடத்தினார். கடலைக் காட்டுவார், அம்மா "லாவுட்" என்பார். பறவையைக் காட்டினால் "புருங்". ஒருநாள் மாமா பெரிய அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "நாமா சியாப்பா?", பேர் என்ன, என்று அதட்டினார். அம்மா திடுக்கிட்டுப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. எத்தனை முறை அப்படிப் போனோம் என்று கணக்கில்லை. குடியுரிமைக்கான நீல அட்டை கைக்கு வந்த அன்று அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மாமா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டதற்கு, "அது அவங்க பேரு, அவங்களே கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்" என்றார். கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான்.

பாயான் லெப்பாஸிலிருந்து:

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் போதாது என்று இடைநிலைப்பள்ளிக்கு முன் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஒரு வருடம் எப்படி இருந்தது என்று தெரியும். கூடப் படித்த சிலர் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போய்விட, நான் பள்ளியே வேண்டாம் என்று கார் கழுவும் கடையில் போய் நின்றேன். மாமா அங்கே வந்தார். திட்டவில்லை. தன் மோட்டார் சைக்கிளைக் கழுவச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை கோயில் மண்டபத்துக்கு வா, எனக்குக் கண்ணு சரியில்ல, மலாய் பேப்பர் படிச்சுக் காட்டணும்" என்றார். இரண்டு வருடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பது ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிறகுதான் தெரிந்தது. இப்போது தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பள்ளியில் பெற்றோர் நாள் வந்தால் அப்பா இல்லாத எனக்குப் பக்கத்தில் அவர்தான் உட்காருவார், வேலைச் சட்டையோடு.

ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் அவர் இருந்த அதே மாடியில் குடியிருப்பவர்:

வெளியே அவர் செய்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். நான் வீட்டைச் சொல்கிறேன். அவர் மனைவி, எங்கள் அக்காவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு தலைவாரிப் பின்னிவிடுவது அவர் வேலை. முதலில் பின்னல் வராது, மகளை உட்காரவைத்துக் கற்றுக்கொண்டார். கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பதால் பார்த்திருக்கிறேன். சீப்பைத் தண்ணீரில் நனைத்து, சிக்கை நுனியிலிருந்து எடுப்பார், வலிக்கக் கூடாது என்று. லிட்டில் இந்தியாவில் வாங்கிய ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டுவார். அக்காவுக்குப் பேச்சு போய்விட்டது. பின்னல் கோணலாக இருந்தால் இடது கையால் அவர் தொடையில் தட்டுவார், மாமா அவிழ்த்து மறுபடியும் பின்னுவார்.

மாலை ஆறரைக்கு அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். கோயில் கூட்டத்தில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவார். "அவ சாப்பிடுற நேரம்" என்பார், அவ்வளவுதான்.

2020 டிசம்பர் கடைசியோடு பழைய ஃபெரிகளில் நடந்து வரும் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தினார்களே, அந்த வாரம் அக்காவைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக் கூட்டிப் போனார். முப்பது வருடம் இன்ஜின் அறையில் வேலை செய்தவர், அன்று மேல்தளத்தை விட்டு அசையவில்லை.

அவரோடு வேலை செய்தவன் நான். 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று எங்களுக்கு ஒரே ஷிஃப்ட். அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை, நானும் எழுத மாட்டேன். புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்குப் போனவர்களும் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு ஜூலையும் அந்தத் தேவாலயத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். இரண்டு முறை நானும் கூடப் போனேன்.

தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் பற்றி யாரும் எழுதவில்லையே! ரதம் வரும் வழியில் உடைக்கிற தேங்காய் மலை மாதிரி குவியும் அல்லவா? எங்கள் பந்தலில் மோர் ஊற்ற எல்லோரும் வருவோம், மாமா துடைப்பத்தோடு நிற்பார். "காவடி எடுக்கிறவன் கீழ பாக்க மாட்டான்டா, ஓடு குத்தும்." விடியும் வரை கூட்டினார். எழுபது வயதுக்கு மேல் அவருக்கு அப்போது.

பேத்தி எழுதுகிறேன்:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பின்னல் கதை வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

தாத்தாவின் பிஸ்கட் தகரத்தைத் திறந்தோம். பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பேப்பர் கிளிப், பிறப்புப் பத்திர நகல்கள். பாதி நிரப்பிய பாரம் இரண்டு இருக்கிறது, தாத்தாவின் கையெழுத்தில், பெரிய எழுத்துகளில். ஒன்றில் பெயர் இருக்கிறது, அவரோடு பேசிவிட்டேன். இன்னொன்றில் பெயர் எழுதவில்லை, ஒரு பையனின் பிறந்த தேதியும் அவன் அம்மாவின் அடையாள அட்டை எண்ணும் மட்டும்தான். பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆகப்போகிறது. யாருடையது என்று தெரிந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. நானும் கூட வருகிறேன்.