மேப்பிள் பாகு பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியில் வெந்தய வாசனை வருவது ஏன்?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:

வணக்கம். டொரொண்டோவில் வசிக்கும் என் மைத்துனர் சென்ற வாரம் கோலாலம்பூர் வந்தபோது, மேப்பிள் பாகு (மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது) ஊறியிருந்த பீப்பாயில் இறுதி முதிர்ச்சி பெற்றது என்று முகப்பில் அச்சிடப்பட்ட, 46 விழுக்காட்டுச் சாராயம் கொண்ட ரை விஸ்கி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். முதல் முகர்வில் வனிலாவும் கருப்பட்டியும் தெரிந்தன. சற்று நேரம் குவளையை வைத்திருந்து மீண்டும் முகர்ந்தபோது, வாணலியில் வெந்தயம் வறுபடும் வாசனை ஐயத்திற்கு இடமின்றி எழுந்தது. குவளையில் என்ன இருக்கிறது என்று அறியாத என் தாயார்கூட அவ்வழியே கடக்கையில், "வெந்தயத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டாயா?" என்று கேட்டார். நாக்கில் தொடக்கத்தில் இனிப்பும், பிறகு ரை தானியத்திற்கே உரிய மிளகுக் காரமும், முடிவில் ஓக் மரத்தின் துவர்ப்பும் வருகின்றன.

இந்த வெந்தயம் எங்கிருந்து வருகிறது? பாகையே விஸ்கியில் கலந்துவிட்டுப் பீப்பாயைக் காரணம் காட்டுகிறார்களா? நம் ஊர் வெப்பத்தில் இதை எப்படிச் சுவைப்பது முறை?

ஆயர் ஈத்தாம் அன்பன்:

முதலில் ஒரு தெளிவு. அந்தப் பீப்பாய் மேப்பிள் மரத்தால் ஆனதன்று. ஓக் மரத்தால் ஆனது. விஸ்கி முதிர்ந்து வெளியேறிய பழைய பீப்பாயை வடிசாலை மேப்பிள் பாகு காய்ச்சுபவரிடம் அனுப்புகிறது. அவர் அதில் பாகை நிரப்பிச் சில மாதங்கள் ஊறவைத்து, விஸ்கி மணமேறிய பாகாக விற்கிறார். காலியான பீப்பாய் மீண்டும் வடிசாலைக்குத் திரும்ப, ஏற்கெனவே முதிர்ந்த விஸ்கியை அதில் ஊற்றி மேலும் சிறிது காலம் வைக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் டட்டில்டவுன் வடிசாலை, ஹட்சன் என்ற பெயரில் விற்கும் ரை விஸ்கிக்காக வெர்மாண்ட் மாநிலப் பாகு உற்பத்தியாளர் ஒருவருடன் இப்படித்தான் பீப்பாய்களை மாற்றிக்கொண்டது.

ஆகவே இரண்டாவது கேள்விக்கு என் விடை இது: சிறிதளவு பாகு உண்மையாகவே விஸ்கியில் கலந்துதான் இருக்கும். ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் பீப்பாயின் பலகைகள் சில லிட்டர் திரவத்தையாவது உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு உறிஞ்சப்பட்ட பாகின் சர்க்கரையைப் பின்னர் வந்த விஸ்கி கரைத்து எடுத்துக்கொள்கிறது. இதனாலேயே ஸ்காட்லாந்தில் இதைச் செய்ய வழியில்லை. 2019இல் திருத்தப்பட்ட அவர்களுடைய விதிகள் புதிய ஓக் பீப்பாய்களையும், ஒயின், பீர், வடித்த மதுவகைகள் ஆகியவை இருந்த ஓக் பீப்பாய்களையும் மட்டுமே அனுமதிக்கின்றன; பாகு அந்தப் பட்டியலில் இல்லை.

செந்தூல்காரன்:

ஆயர் ஈத்தாம் அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பீப்பாய் என்ற சொல்லைக் கண்டதும் நம்பிவிடும் பழக்கம் எனக்கில்லை. முகப்பில் "ஃப்ளேவர்டு" என்ற சொல் சிறிய எழுத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் விஸ்கி என்ற பெயருக்கு 40 விழுக்காடு சாராயச் செறிவு கட்டாயம். சுவையூட்டப்பட்டதற்கோ 30 இருந்தாலே போதும். உங்களுடையது 46 என்பது நல்ல அறிகுறி. கனடாவின் விதிகள் சாதாரண விஸ்கியிலேயே சுவையூட்டி சேர்க்க இடம் தருகின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு வெள்ளைத் தட்டுகளில், ஒன்றில் இந்த விஸ்கியும் மற்றொன்றில் வழக்கமான ஸ்காட்சும் ஒரு தேக்கரண்டி ஊற்றி இரவு முழுதும் உலரவிடுங்கள். சாராயமும் நீரும் போய்விடும், சர்க்கரை போகாது. தட்டை எறும்பிடமிருந்து காப்பது உங்கள் பொறுப்பு.

பட்டர்வொர்த் ஆசிரியை:

நான் மது அருந்துவதில்லை. தலைப்பிலிருந்த வெந்தயத்தைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன், ஏனெனில் படிவம் ஆறு மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கும்போது நான் ஆண்டுதோறும் சொல்லும் எடுத்துக்காட்டு இது. வெந்தயத்தின் மணத்திற்கு முதன்மைக் காரணமான சேர்மத்தின் பெயர் சோட்டலோன். மேப்பிள் பாகின் மணத்திலும், நீண்ட நாள் முதிர்ந்த ஷெரி ஒயினிலும் அது உண்டு. மிக மிகக் குறைந்த செறிவில் மேப்பிள் பாகாகவும் கருகிய சர்க்கரையாகவும் மணக்கும் அதே பொருள், செறிவு கூடும்போது வெந்தயமாகவும் கறித்தூளாகவும் மணக்கிறது. மலிவான செயற்கை மேப்பிள் சாரத்திற்கு வெந்தயச் சாற்றைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

2005 முதல் நியூயார்க் நகரில் அவ்வப்போது மேப்பிள் பாகு வாசனை பரவி, மக்கள் அஞ்சி அவசர எண்ணை அழைத்து வந்தார்கள். பக்கத்து நியூஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்திய ஆலை ஒன்றிலிருந்து காற்று கொண்டுவந்த மணம் அது என்று 2009இல் நகர நிர்வாகம் அறிவித்தது. அங்கே வெந்தயத்தை மேப்பிள் என்றார்கள். உங்கள் தாயார் மேப்பிளை வெந்தயம் என்றார். அவரவர் அடுப்படியில் பழகிய பெயரை மூக்கு எடுத்துத் தருகிறது, அவ்வளவே. உங்கள் தாயாரின் மூக்கைப் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் அன்பன்:

ஆசிரியைக்கு நன்றி, இத்தனை ஆண்டுகளாக ஷெரி பீப்பாய் விஸ்கியில் நான் கறித்தூள் என்று குறித்துவைத்தது என்னவென்று இன்றுதான் விளங்கியது. விடுபட்ட மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நம் வீட்டுக் கூடத்தின் 30 டிகிரி வெப்பத்தில் சாராய ஆவி முந்திக்கொண்டு மூக்கைத் தாக்கும். பாகின் இனிப்பும் திகட்டும். புட்டியைக் கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, வாய் குறுகிய குவளையில் சிறிதளவே ஊற்றி, அரைத் தேக்கரண்டி நீர் சேர்த்துப் பாருங்கள். பனிக்கட்டி வேண்டாம், மிகவும் குளிர்ந்தால் மணம் அடங்கி வெறும் துவர்ப்பே மிஞ்சும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:

அனைவருக்கும் நன்றி. முகப்பில் "ஃப்ளேவர்டு" என்ற சொல் எங்கும் இல்லை. தட்டுச் சோதனையில் ஸ்காட்ச் உலர்ந்த இடத்தில் மங்கலான கறை மட்டும் இருந்தது. மேப்பிள் விஸ்கி உலர்ந்த இடத்தில் விரல் இலேசாக ஒட்டியது, ஆனால் பாகு என்று சொல்லுமளவுக்கு எதுவும் தேங்கவில்லை. பலகையிலிருந்து வந்த இனிப்பு என்றே இதை எடுத்துக்கொள்கிறேன். செந்தூல் நண்பர் மறுத்தாலும் வியக்க மாட்டேன்.

நேற்று இரவு குளிரவைத்து அருந்தினேன். முதல் பத்து நிமிடம் வெந்தயம் அறவே இல்லை. நாசி லெமாக்கிற்குப் பிறகு உண்ணும் குலா மெலாக்கா போன்ற இனிப்பும் மிளகுக் காரமும் மட்டும் இருந்தன. குவளை கையின் சூட்டை வாங்கியதும் வெந்தயம் திரும்பி வந்தது. இம்முறை தாயார் எதுவும் கேட்கவில்லை, சமையலறை விளக்கை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.