போலீஸ் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதைச் சொல்லணுமா? சொன்னா வண்டியைச் சோதிக்கலாமா?

ஹைவேவாசி:
அமெரிக்காவில் வேகம் கூடிப்போச்சு, பின்விளக்கு எரியலை என்று போலீஸ் நிறுத்தும்போது, சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர் அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் சரி என்பேன். மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தினாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இன்சூரன்ஸ் பேப்பர் எடுக்க க்ளவ் பாக்ஸைத் திறக்கும்போது உள்ளே துப்பாக்கி தெரிந்தால் அந்த நொடியில் நடப்பது யார் கையிலும் இல்லை.

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்கணும். இரவென்றால் உள்விளக்கைப் போடணும், கண்ணாடியை முழுசா இறக்கணும், இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் இருக்கணும். "துப்பாக்கி" என்ற சொல்லில் பேச்சை ஆரம்பிக்கவே கூடாது; துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் உரிமமான கேரி லைசன்ஸில் ஆரம்பிக்கணும். "என்னிடம் கேரி லைசன்ஸ் இருக்கு, இடது இடுப்பில் ஹோல்ஸ்டர் உறையில் இருக்கு, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அசையாமல் இருக்கணும். பேப்பரைத் துப்பாக்கி இருக்கும் இடத்தில் வைக்காமல் மேலே சன் வைசரில் செருகி வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

நாலாம்திருத்தம்:
கை ஸ்டீயரிங் மேல இருக்கணும், பேப்பர் வேற இடத்துல இருக்கணும், இதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா கேட்காமலே சொல்றதை ஒத்துக்க மாட்டேன். சொன்ன உடனே சட்டத்துல என்ன மாறுதுன்னு பாருங்க.

1983ல மிச்சிகன் எதிர் லாங் வழக்குல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு? ஓட்டுநர் ஆபத்தானவர், ஆயுதத்தைச் சட்டுனு எடுத்துடுவார்னு நியாயமான சந்தேகம் இருந்தா, ஆயுதம் ஒளிஞ்சிருக்கக்கூடிய இருக்கைப் பகுதியை வாரன்ட் இல்லாமலே தேடலாம். கைது தேவையில்ல, உங்க சம்மதமும் தேவையில்ல. 2017ல நாலாவது சர்க்யூட்டின் (சில மாநிலங்களுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) முழு அமர்வு, ராபின்சன் வழக்குல இன்னும் ஒரு படி மேல போச்சு. நிறுத்தப்பட்டவர்கிட்ட ஆயுதம் இருக்குன்னு சந்தேகம் இருந்தாலே அவர் ஆபத்தானவர், லைசன்ஸ் இருந்தாலும் உடம்பைத் தடவிப் பார்க்கலாம்னு தீர்ப்பு. அது உடம்புச் சோதனை வழக்குதான், ஆனா அதே வாதம் வண்டிக்குள்ளயும் நீளும். வெர்ஜீனியா, மேரிலாந்து, மேற்கு வெர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள் எல்லாம் அந்த சர்க்யூட்தான். வெர்ஜீனியாவுல கேட்டா பெர்மிட்டைக் காட்டணும், அவ்வளவுதான். கேட்காதபோது நாமே வாயைத் திறந்து அந்தச் சந்தேகத்தை ஏன் எழுதிக் கொடுக்கணும்?

ஹைவேவாசி:
எல்லா நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லையே. 2019ல் பென்சில்வேனியா சுப்ரீம் கோர்ட், ஹிக்ஸ் வழக்கில் ஒருவரை நிறுத்துவது பற்றி இப்படித் தீர்ப்பளித்தது: மறைத்து வைத்த துப்பாக்கி இருப்பது மட்டுமே குற்றச் சந்தேகம் ஆகாது. இடத்துக்கு இடம் மாறும் சட்டத்தை வைத்து ஒரே பயத்தை எல்லாருக்கும் சொல்லாதீர்கள்.

அடுத்து, பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்தை கம்ப்யூட்டரில் போட்டதுமே கேரி லைசன்ஸ் இருப்பது தெரிந்துவிடும். மறைத்து என்ன லாபம்? டெக்சஸில் துப்பாக்கியோடு இருக்கும் லைசன்ஸ்காரர், ஆஃபிசர் அடையாள அட்டை கேட்டால் இரண்டையும் சேர்த்துக் காட்டணும். பாதுகாப்புக்குத் தேவை என்று நினைத்தால் ஆஃபிசர் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம், அனுப்பும்போது திருப்பிக் கொடுத்தாகணும். மிச்சிகன், வட கரோலினா, லூயிசியானா, அலாஸ்காவில் கேட்காமலே சொல்லணும். ஒஹாயோவில் 2022 ஜூன் 13 முதல் கேட்டால் மட்டும் சொன்னால் போதும். ஒரே பயணத்தில் மூன்று மாநிலம் கடக்கிறவர் இதையெல்லாம் மனப்பாடம் செய்வதைவிட, சொல்வதையே பழக்கமாக்கிக்கொள்வது மேல்.

நாலாம்திருத்தம்:
பழக்கம் ஆளைக் காப்பாத்தும்னு சொல்றீங்க. 2016 ஜூலை 6, மினசோட்டா ஃபால்கன் ஹைட்ஸ். ஃபிலாண்டோ காஸ்டில் கிட்ட பெர்மிட் இருந்தது. கேட்டா சொன்னா போதும்ங்கிற மாநிலத்துல அவரே மரியாதையா, துப்பாக்கி இருக்குன்னு சொன்னார். சில நொடிகள்ல 7 குண்டு. பக்கத்து இருக்கையில அவர் தோழி, பின்னாடி அவங்களோட 4 வயசுக் குழந்தை. சுட்ட அதிகாரியை 2017ல ஜூரி விடுவிச்சுது. கறுப்பினத்தவருக்கும் நம்மைப் போன்ற பழுப்பு நிறத்தவருக்கும் "சொல்லிட்டா பாதுகாப்பு"ன்னு உறுதி கொடுக்க யாராலும் முடியாது.

ஹைவேவாசி:
காஸ்டில் மேல் ஒரு துளி பிழையும் இல்லை. ஆனால் அந்தக் காட்சியிலிருந்து எடுக்க வேண்டியது வரிசை. அங்கே ஆஃபிசர் உரிமத்தைக் கேட்ட பிறகு துப்பாக்கிப் பேச்சு வந்தது. கை எதற்காக நகர்கிறது என்பதில் இரண்டு அர்த்தம் வந்துவிட்டது. அதனால்தான் கேட்பதற்கு முன்பே சொல்லி, கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்து, பர்ஸ் எங்கே, துப்பாக்கி எங்கே என்று தனித்தனியாகச் சொல்லி, அவர் அனுமதித்த பிறகு எடுக்கச் சொல்கிறேன்.

பச்சைஅட்டை:
இரண்டு பேரும் குடியுரிமை இருப்பவர்களுக்கு மட்டும் பேசுகிறீர்கள். இதைப் படிக்கிறவர்களில் எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற வேலை, குடும்ப, மாணவர் விசாக்களில் எத்தனை பேர்! குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். முக்கியமான விலக்கு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் இதே சட்டம்தான். 2022க்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தலும் சேர்ந்து வரும். பச்சை அட்டை இருந்தால் இந்தத் தடை இல்லை.

நண்பருடைய துப்பாக்கி முன் இருக்கைகளுக்கு நடுவே கன்சோலில் இருக்கிறது, அது தெரிந்தே எச்-1பிக்காரர் அந்த வண்டியை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டும் இடம், இருப்பதும் தெரியும் என்றால் அதையே "வைத்திருத்தல்" என்று வழக்கு போட முடியும். அப்படிப்பட்டவர் "சொல்லிவிடுவதே பழக்கம்" என்று நீளமாக விளக்கம் கொடுக்கக் கூடாது. பெயர், உரிமம், வண்டிப் பேப்பர் கொடுக்கலாம். மற்றதற்கு வழக்கறிஞர் இல்லாமல் பதில் சொல்ல விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லணும். துப்பாக்கியை உரிமையாளரே பெட்டியில் பூட்டி டிக்கியில் வைத்து, சாவியைத் தன்னிடமே வைத்திருப்பது அதைவிட நல்லது.

நாலாம்திருத்தம்:
இதை யாராவது சொல்லணும்னுதான் இருந்தேன், நன்றி.

சம்மதம் பத்தி இன்னும் பேசவே இல்ல. நிறைய சோதனைகள் நாமே "சரி"ன்னு சொன்னதால நடக்குது. மறுக்கலாம்னு ஆஃபிசர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, 1973லயே ஷ்னெக்லாத் வழக்குல முடிஞ்ச விஷயம். கேள்வி எப்படி வரும்? "யூ டோன்ட் மைண்ட் இஃப் ஐ டேக் எ லுக்?" இதுக்கு "நோ"ன்னா சம்மதம். "யெஸ்"னா குழப்பம். ரெண்டும் வேணாம், முழு வாக்கியமா சொல்லுங்க: "ஆஃபிசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்சஸ்." மறுத்ததையே காரணமா வெச்சு சோதிக்க முடியாது. அபராதச் சீட்டு மட்டும் கொடுக்குற நிறுத்தத்துல, அதைச் சாக்கா வெச்சு வண்டியைத் தேடக் கூடாதுன்னு 1998 நோல்ஸ் தீர்ப்பு இருக்கு. சீட்டு வேலை முடிஞ்ச பிறகு, தனிச் சந்தேகம் இல்லாம போதைப்பொருள் மோப்ப நாய் வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு 2015 ரொட்ரீகஸ் தீர்ப்பு. அங்கே கூடுதலா ஆனது 7, 8 நிமிஷம்தான்.

ஹைவேவாசி:
சம்மதம் மறுப்பதில் நானும் உங்கள் பக்கம். துப்பாக்கி இருப்பதைச் சொல்வதும் சோதனைக்கு ஒத்துக்கொள்வதும் ஒன்றல்ல. முதலாவதைச் சொன்ன அதே மூச்சில் இரண்டாவதை மறுக்கலாம்.

ஆனால் வண்டியில் குற்றத் தடயம் இருப்பதற்கு வலுவான காரணம் ஆஃபிசரிடம் இருந்தால், 1925 கேரல் வழக்கிலிருந்தே வாரன்ட் தேவையில்லை, டிக்கி உட்பட. டெக்சஸ் மாதிரி கஞ்சா தடையுள்ள மாநிலத்தில் வாசனையே போதும். ஓட்டுநரைக் கைது செய்து வண்டியை இழுத்துப் போனால் பொருள் பட்டியல் எடுக்கிறோம் என்று திறப்பார்கள். அந்தத் துறையின் விதிமுறை அனுமதித்தால் பூட்டிய பெட்டியையும். கூட இருப்பவருக்கு உரிமம் இருந்தால், வண்டியை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கணும்.

பச்சைஅட்டை:
மாநிலம் கடப்பவர்களுக்கு ஒன்று. துப்பாக்கியோடு மாநிலம் கடப்பவருக்கு 1986 கூட்டாட்சிச் சட்டம் தரும் பாதுகாப்பு, துப்பாக்கி காலியாகவும், அதுவும் தோட்டாவும் கைக்கு எட்டாமலும் இருந்தால்தான். தனி டிக்கி இல்லாத எஸ்யூவியில் பூட்டிய பெட்டி வேணும். க்ளவ் பாக்ஸும் கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. பென்சில்வேனியாவில் இடுப்பில் இருந்தது, நியூஜெர்சி எல்லைக்கு முன்பே பெட்டிக்குப் போயிருக்கணும்.

நாலாம்திருத்தம்:
ஹைவேவாசி, நம்ம ரெண்டு பேரும் இதுல ஒத்துப்போக மாட்டோம். சொல்லக் கட்டாயம் இல்லாத மாநிலத்துல, துப்பாக்கி பூட்டி டிக்கியில இருந்தா, கேட்காம நான் சொல்லச் சொல்ல மாட்டேன். நேரா கேட்டா பொய் மட்டும் கூடவே கூடாது.

மறுத்தும் தேடினாங்கன்னா தடுக்காதீங்க, கையை நீட்டாதீங்க. பாடி கேமராவுல பதியுற மாதிரி மறுப்பை இன்னொரு தடவை சொல்லுங்க. ஆஃபிசர் பெயர், பேட்ஜ் எண், நிறுத்தின நேரம், சீட்டு கொடுத்த நேரம், தேட ஆரம்பிச்ச நேரம், இதை அன்னிக்கே எழுதி வைங்க. ரொட்ரீகஸ் வாதமே அந்த நிமிஷக் கணக்குலதான் நிக்குது. வீடியோவைத் துறைகள் குறிப்பிட்ட காலத்துக்கு மேல வெச்சிருக்காது. அதனால அதை அழிக்காம வைக்கச் சொல்லி வழக்கறிஞர் மூலமா அதே வாரத்துல கடிதம் போகணும்.