கும்பகோணத்துப் பூர்வீக வீடு: புதுப்பிக்கலாமா, இடிச்சுக் கட்டலாமா?

திண்ணைக்காரர்:
சென்னை ஃபிளாட்டை வித்துட்டு நானும் வீட்டுக்காரியும் கும்பகோணம் அக்ரஹாரத்து வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கோம். எனக்கு 66, அவங்களுக்கு முழங்கால் வலி. வீடு 18 அடி அகலம், 110 அடி நீளம். திண்ணை, ரேழி (நடை), கூடம், முற்றம், ரெண்டாங்கட்டு (பின்பகுதி), பின்தெரு வரைக்கும் கொல்லை. கூடத்துக்கு மேல மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம்), மத்தது நாட்டு ஓடு. ரெண்டு பேருக்கு முன்கட்டே போதும். பையன் மொத்தத்தையும் இடிச்சுக் கட்டுங்கறான்.

சைட் இன்ஜினியர்:
பையன் சொல்றதுதான் சரி சார். திண்ணை ரெண்டரை அடி உசரம் இருக்குமா? சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு அடி ஏற 12 அடி நீளம் கேக்கும். அப்ப 30 அடி. நடுத்தெருவுல போய் நிக்கும்! கக்கூஸ் கொல்லையில. ராத்திரி மழையில அம்மா எப்படிப் போவாங்க? ஓடு மாத்த ஆளும் கிடைக்கறதில்ல.

சுண்ணாம்புக் காரை:
சாய்தளத்தை வாசல்லதான் போடணுமா? கொல்லைப் பக்கம் தாராளமா இடம் இருக்கே. கூடத்தை ஒட்டின காமரா உள்ளை, அதான் அந்த அறையை, குளியலறை, கக்கூஸாவே மாத்திடலாம். அதுக்கு வீட்டை இடிக்க வேண்டாம். ஆனா சுவர்ல கை வைக்கும்போது கவனம். சுண்ணாம்புக் காரையில கட்டின சுவருக்குச் சிமெண்ட் பூசினா, தரையிலேர்ந்து ஏறுற ஈரம் வெளிய போக வழியில்லாம உப்பு பூத்து, பூச்சு பொரிஞ்சு கொட்டும். "பழைய வீடு, ஓதம் அடிக்குது"ன்னு பேரு மட்டும் வீட்டுக்கு.

மெட்ராஸ் டெரஸும் அப்படித்தான். தேக்குக் கட்டை மேல அச்சுக்கல்லை (சின்னச் செங்கல்) மூலைவாட்டா நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணி தெளிச்சு இடிச்சு இறுக்கி, மேல தட்டோடு (தட்டையான ஓடு) பதிச்சது. ஒழுகினா தட்டோட்டைப் பிரிச்சுத் திரும்பப் பதிக்கணும். சிமெண்ட் கான்கிரீட் கொட்டி எடை ஏத்தக் கூடாது. கட்டையோட முனை சுவருக்குள்ள போற இடத்துல திருப்புளியால (ஸ்க்ரூ டிரைவர்) குத்திப் பாருங்க. ஈரமும் கரையானும் முதல்ல தங்கறது அங்கதான்.

சைட் இன்ஜினியர்:
கடுக்காய், வெல்லம்னு கேக்க நல்லாத்தான் இருக்கு மேடம். அந்தக் கலவை தெரிஞ்ச கொத்தனாரைக் காரைக்குடிப் பக்கத்துலேர்ந்து கூட்டிட்டு வந்து, தங்க இடமும் சோறும் கொடுத்து, சுண்ணாம்பு இறுகற வரைக்கும் காத்திருக்கணும். அவர் பென்ஷன்காரர். பாரம்பரியத்தைக் காப்பாத்தற செலவை அவர் தலையில ஏன் கட்டறீங்க?

காவிரிக்கரை மாமி:
இதே மாதிரி வீட்டுலதான் நாங்க இருக்கோம், எனக்கு 71. கொத்தனார் கிடைக்கறது கஷ்டம்னு அவர் சொல்றது வாஸ்தவம். ஆனா ஒரே வருஷத்துல எல்லாத்தையும் பண்ணணும்னு யார் சொன்னா? முதல்ல கூரையும் குளியலறையும். மத்தது அப்புறம்.

முற்றத்துக்குக் கம்பி போட்டுடுங்கோ, குரங்கு உள்ள வந்துடும். பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிடாதீங்கோ, சூடு ஏறி வெளிய போக வழியில்லாம கூடத்துல உக்கார முடியாது. முற்றத்துக்கு இறங்கற இடத்துல கைப்பிடி வேணும். ஆத்தங்குடிக் கல், அந்தப் பூப்போட்ட தரை ஓடு, கூடத்துக்கு அழகு; குளியலறைக்கு வேண்டாம், தண்ணி பட்டா வழுக்கும். ரெண்டாங்கட்டைப் பூட்டிடாம பெருக்கி வெச்சுக்கோங்கோ. ரெண்டு பேருக்கு முன்கட்டு போதும்பேள். 2028 மகாமகத்துக்கு உறவுக்காரா பெட்டியோட வந்து இறங்குவா!

சுண்ணாம்புக் காரை:
இன்னொண்ணு சார். பக்கத்து வீட்டோட பொதுச்சுவரா? அவங்க உத்திரமும் அதுலதான் உக்காந்திருக்குன்னா, இடிக்கறது உங்க வீட்டோட முடியற விஷயம் இல்ல.

திண்ணைக்காரர்:
ரெண்டு பக்கமும் பொதுச்சுவர்தான். பையன்கிட்ட இதைச் சொன்னேன், இன்னும் பதில் வரல. கட்டை முனையைப் பாக்க ஆசாரியை வரச் சொல்லியிருக்கேன்.

சைட் இன்ஜினியர்:
திருப்புளி ரெண்டு அங்குலம் இறங்கினா இங்க வந்து மறைக்காம எழுதுங்க சார்.