இரண்டு அறைக்கு ஒரு 16 போர்ட் சுவிட்சா, 8 போர்ட் இரண்டா?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு, கல்லடியில் நில அளவை வரைபட அலுவலகம் நடத்துகிறோம். ஐப்பசி இடிமின்னலில், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் எங்கள் நெட்வொர்க் சுவிட்ச் எரிந்துபோனது. அவசரத்துக்குக் களஞ்சியத்தில் கிடந்த 10 மெகாபிட் ஹப் (ஒரு போர்ட்டில், அதாவது கேபிள் துளையில், வருவதை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும் பழைய பெட்டி) இரண்டைப் பூட்டினோம். அன்றிலிருந்து, ஒருவர் சேர்வரில் 40 எம்பி வரைபடத்தைத் திறந்தால் மற்ற எல்லோருடைய வேலையும் நின்றுவிடுகிறது. ஹப்பில், தரவுகள் மோதுவதைக் காட்டும் விளக்கு அணைவதே இல்லை.

கேபிள் முனைகளைப் புதிதாக அடித்தேன், ரூட்டரை மாற்றினேன்; பலனில்லை. இரவில் ஒரு கணினி மட்டும் இயங்கும்போது இப்படித் திணறுவதில்லை. நண்பரிடம் இரவல் வாங்கிய 5 போர்ட் சுவிட்சில் சேர்வரையும் மூன்று கணினிகளையும் இணைத்தபோது அந்த நான்கும் தடங்கலின்றி ஓடின. ஆகவே குற்றம் ஹப்பில்தான். ஒரே பாதையை எல்லோரும் பங்கிட்டால் வேறென்ன நடக்கும்?

8 கணினி, 2 பிரிண்டர், ஒரு சேர்வர், ஒரு ரூட்டர். அவற்றில் ஐந்து பின்னறையில் இருக்கின்றன. சேர்வர் முன்னறையில். இடையே 30 மீட்டர், கேட்5இ கேபிள் ஒன்றுதான் போகிறது. 16 போர்ட் வாங்கினால் இன்னும் நான்கு கேபிள் இழுக்க வேண்டும். கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) சுவிட்ச் வாங்குவதென்பது முடிவு.

அந்த ஒற்றைக் கேபிளால் இணைத்து, அறைக்கொன்றாக 8 போர்ட் சுவிட்ச் வைத்தால் பின்னறைக்கு வேகம் போதுமா?